ஊர் வாயும் சாட்சிக் கூண்டும்

கொலை வழக்கொன்று தொடங்கிவிட்டால் நீதிமன்றங்கள் இரண்டு கூடுகின்றன. ஒன்று, கறுப்பு அங்கி அணிந்தோர் வாதிடும் மன்றம். மற்றொன்று தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், லயத்து வாசலிலும், இக்காலத்தில் கைப்பேசியின் புலனக் குழுவிலும் கூடும் மன்றம். முன்னது மாதக்கணக்கில் விசாரிக்கும். பின்னதற்கு ஒரு குவளைத் தேநீர் ஆறும் நேரம் போதும். முன்னதன் தீர்ப்பை மேல் மன்றம் மாற்றலாம். பின்னதற்கு மேல் மன்றமே இல்லை.

சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் முதியவர்கள் கூடும் இடத்தில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் பேச்சு தியாகராஜ பாகவதரிடம் வரும். அடுத்த கால் மணியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் வந்து நிற்கும். "அவர் செய்திருப்பாரா?" என்பார் ஒருவர். "வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாரே!" என்பார் மற்றொருவர். "வக்கீல் வைத்த விதம் சரியில்லை" என்பார் மூன்றாமவர். எண்பது ஆண்டுகள் கடந்தும் ஓயாத இப்பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று. அதற்கென இலக்கணமும் மரபும் உண்டு. எனவே, ஒரு நூலை ஆராய்வது போலவே இப்பேச்சையும் ஆராய வேண்டுமென நாம் கருதுகிறோம்.

முதலில் வழக்கைச் சுருக்கமாகக் கூறுவோம். சி. என். லட்சுமிகாந்தன் சென்னையில் "சினிமா தூது" என்னும் இதழை நடத்தினார். பின்னர் "இந்து நேசன்" என்னும் இதழை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அம்பலமாக்குவதே அவ்வேடுகளின் வியாபாரம். 1944 நவம்பர் 8 ஆம் நாள் வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் மாண்டார். ஒரு மாதத்திற்கு முன்னர்தான், தீபாவளியன்று, "ஹரிதாஸ்" வெளிவந்து பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். அவரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோவைப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். கத்தி எடுத்துக் குத்தியதாக இவர்கள்மீது குற்றச்சாட்டு இல்லை. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரியுடன் விசாரணை நடைபெற்றது. ஒன்பது ஜூரர்களுள் அறுவர் பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றனர். மூவர் அவ்வாறு கருதவில்லை. நாயுடு விடுதலையானார். 1945 மே 3 ஆம் நாள் மற்ற இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மேல் மனுவும் தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்ஸில் வழக்கை மீண்டும் கேட்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெலும் ஷஹாபுத்தீனும் மறுவிசாரணை செய்தனர், வி. எல். எத்திராஜ் எதிரிகளுக்காக வாதாடினார். 1947 ஏப்ரல் 25 ஆம் நாள் இருவரும் குற்றமற்றோராக விடுவிக்கப்பட்டனர்.

இச்செய்தி கடாரத்துத் தமிழரிடம் வந்து சேர்ந்த விதத்தையும் நினைவுகூர வேண்டும். லட்சுமிகாந்தன் மாண்ட நாளில் கெடா மாநிலம் ஜப்பானியர் கைப்பட்டு, 1943 அக்டோபரிலிருந்து சயாம் நாட்டின் ஆட்சியில் "ஸைபுரி" என்னும் பெயரோடு இருந்தது. சென்னைக் கப்பலும் இல்லை, சென்னைப் பத்திரிகையும் இல்லை. தோட்டத்து ஆண்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போயிருந்தனர். திரும்பாதோர் எத்தனையோ பேர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டு வந்து தபால் நடமாடத் தொடங்கியபோது, சென்னையில் தீர்ப்பே முடிந்திருந்தது. ஆகவே நம் மக்கள் முதலிற் கேட்டது தண்டனையை. அதன் பின்னரே குற்றத்தை. எல்லாவற்றிற்கும் கடைசியாகவே சாட்சியத்தை. வழக்கு நம்மிடம் தலைகீழாக வந்தது. தலைகீழாக வந்ததை இன்றுவரை நாம் நிமிர்த்தி வைக்கவில்லை என்பதே நம் முதற் குறை.

இனி ஊர்ப்பேச்சின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம் வேடத்தைப் பற்றியது. "அத்தனை இனிமையாகப் பாடுகிறவர் கொல்லத் துணிவாரா?" என்று ஒரு சாரார் கேட்பர். "ஹரிதாஸ் படத்தில் எத்தனை உல்லாசியாக வந்தார், உள்ளதுதானே திரையில் வரும்" என்று மறு சாரார் கூறுவர். கிருஷ்ணனைப் பற்றியும் இவ்வாறே: "எல்லோரையும் சிரிக்க வைத்தவர் எப்படிக் கொலைக்கு உடந்தையாவார்?" இவ்விரு கட்சியும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினாலும், உண்மையில் இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். வேடத்தைக் கண்டு ஆளை எடைபோடுவதுதான் அப்பிழை. அன்பு கொண்டு விடுவித்தாலும், வெறுப்புக் கொண்டு தண்டித்தாலும், சாட்சியத்தைப் பாராமல் முடிவுகட்டுவது ஒன்றே. நாம் கூத்தில் இராவணன் வேடம் கட்டியவனுக்கு மறுநாள் கடன் கொடுக்கத் தயங்கும் மக்கள்! நமக்கு இக்குறை புதிதன்று.

இரண்டாம் வாதம் வாய்மூடி இருந்தமையைப் பற்றியது. "குற்றமற்றவர் என்றால் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லியிருக்கலாமே" என்பது. இவ்வாதம் நெஞ்சைத் தொடுவது, ஆயின் அடித்தளமற்றது. அந்நாளைய இந்தியச் சட்டம் எதிரியைச் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல அனுமதிக்கவே இல்லை. நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு எதிரி விடை கூறலாம், அவ்வளவே. அவருக்குப் பிரமாணம் செய்து வைக்கலாகாது என்று குற்ற நடைமுறைச் சட்டமே விதித்திருந்தது. எதிரி தம் விருப்பத்தால் தமக்குத் தாமே சாட்சியாகலாம் என்னும் உரிமை 1955 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்தது. 1945 இல் மூடியிருந்த கதவின் வழியே அவர்கள் ஏன் வெளிவரவில்லை என்று இன்று கேட்பது அறிவுடைமையாகுமா?

மலேசிய நீதிமன்றத்தில் இன்று எதிரிக்கு வழிகள் மூன்று உண்டு. கூண்டேறிப் பிரமாணம் செய்து குறுக்கு விசாரணைக்கு உட்படலாம். குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே பிரமாணமின்றி வாக்குமூலம் தரலாம். ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். மூன்றும் சட்டம் தந்த உரிமைகளே. மூன்றனுள் எதைத் தேர்வது என்பதைச் சான்றின் வலிமை நோக்கியே வக்கீல் முடிவு செய்கிறார். மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டும் பக்கத்தைச் சார்ந்தது. அச்சுமையை அவர்கள் சுமக்கத் தவறினால், எதிரி பேசவேண்டிய தேவையே எழுவதில்லை. இதனை அறியாதார் மௌனத்தையே ஒப்புதல் எனக் கொள்கின்றனர்.

மூன்றாம் வாதம் பணமும் வக்கீலும் பற்றியது. "நாயுடுவுக்குப் பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்தார், அதனால் நாயுடு தப்பினார்" என்று சொல்வார்கள். முன்ஷி வந்தது மெய். நாயுடு விடுதலையானதும் மெய். ஆயினும், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கூற, அவர்மீது சொல்லப்பட்ட சாட்சியம் எத்தகையது என்பதை அல்லவா முதலில் ஆராய வேண்டும்? அதை ஆராயாமல் வக்கீலின் கூலியை மட்டும் எண்ணுவது, அறுவடையைப் பாராமல் ஏர்மாட்டின் விலையைக் கேட்பது போன்றது. மேலும், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் நல்ல வக்கீல்கள் இல்லாமலா போயினர்? பணம் படைத்த அவர்களே ஏறத்தாழ இரண்டாண்டுகள் தண்டனைக் கைதிகளாய்க் கிடந்தனர். லண்டன் வரை செல்ல வசதியற்ற ஓர் ஏழை அவ்விடத்தில் இருந்திருந்தால் அவன் கதி என்ன? ஊர்ப்பேச்சு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே. ஊர்ப்பேச்சு கேளாத கேள்வியும் இதுவே.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அப்ரூவரின் சொல். குற்றத்தில் தானும் பங்குகொண்டதாகக் கூறி, மன்னிப்புப் பெற்று, கூட்டாளிகள்மீது சாட்சி சொல்லுகிறவனே அப்ரூவர். இவ்வழக்கிலும் அத்தகைய ஒருவன் சொல் இடம்பெற்றது. சாட்சியச் சட்டம் இவனைப் பற்றி இரு வாக்கியங்கள் கூறுகிறது. 133 ஆம் பிரிவு, உடந்தையாளி சாட்சியாகத் தகுதியுடையவனே என்றும், துணைச் சான்றில்லை என்ற ஒரே காரணத்தால் தண்டனை சட்டவிரோதம் ஆகாது என்றும் கூறும். 114 ஆம் பிரிவின் எடுத்துக்காட்டோ, முக்கிய விவரங்களில் வேறு சான்று துணைநின்றாலன்றி அவன் நம்பத்தகாதவன் என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்று எச்சரிக்கும். ஒன்று கதவைத் திறக்கிறது. மற்றொன்று வாசலில் காவலை நிறுத்துகிறது. அன்றைய சென்னையில் நடைமுறையிலிருந்த இவ்விரு விதிகளும் அதே எண்களில் நம் மலேசியச் சாட்சியச் சட்டத்திலும் உள்ளன. எனவே இது கடல் கடந்த பழங்கதை அன்று. அலோர் ஸ்டார் நீதிமன்றத்தில் நாளை நம் பிள்ளை ஒருவன் நிற்க நேர்ந்தால் அவன் உயிரைக் காக்கவோ போக்கவோ வல்ல விதி.

ஊர்ப்பேச்சு அப்ரூவரை எவ்வாறு நடத்துகிறது? "உள்ளே இருந்தவனே சொல்லிவிட்டான், இனி என்ன?" என்று அவனைத் தலைமைச் சாட்சியாக்குகிறது. சட்டம் எவனைக் கண்டு ஐயுறச் சொல்கிறதோ, அவனையே ஊர் பெரிதும் நம்புகிறது!

இம்மயக்கம் தமிழ் நாட்டில் என்று தொடங்கியது? இளங்கோவடிகளே இதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பது நம் துணிபு. சிலப்பதிகாரத்தைப் பாராட்டுவோர் பெரும்பாலும் வழக்குரை காதையையே எடுத்துப் பேசுவர். கண்ணகி சிலம்பை உடைத்ததும், மாணிக்கப் பரல் தெறித்ததும், மன்னன் வீழ்ந்ததும் மேடைதோறும் முழங்கும். அதற்கு முன்னுள்ள கொலைக்களக் காதையில் நிகழும் உரையாடலை எவரும் ஊன்றி நோக்குவதில்லை. ஊர்ப்பேச்சு ஓர் உயிரைக் குடித்த காட்சி அங்குதான் உள்ளது.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கிறான். இவன் அப்ரூவரினும் கொடியவன். தன் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாதவன். மன்னன் அவன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு ஆணையிட்டான். காவலர் கோவலனைக் கண்டதும், இவன் முகத்தில் கள்வனின் குறி இல்லையே என்று ஒருவர் தயங்குகிறார். நேர்மையான ஐயம்! ஆனால் அடுத்த கணமே பொற்கொல்லன் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டினையும் அடுக்குகிறான். அவ்வெட்டில் ஒன்றேனும் கோவலனிடம் இருந்ததாக அவன் காட்டினானா? இல்லை. கள்வரைப் பற்றிய பொதுக்கதையைச் சொல்லி, அக்கதைக்குள் எதிரே நின்ற ஒருவனைத் தள்ளிவிட்டான். கேட்டவர்களுள் வேறொருவன் தான் இரவில் கண்ட கள்வனின் கதையைச் சேர்த்தான். பேச்சு சுவையேறிற்று. சான்று ஒன்றும் ஏறவில்லை. அவ்வேளையில் மது மயக்கிலிருந்த அறிவிலி ஒருவன் வாளை வீசினான்.

கவனியுங்கள்: கோவலன் அங்கு ஒரு சொல்லும் பேசவில்லை, அவனை எவரும் கேட்கவுமில்லை. எல்லோரும் அவனைப் பற்றிப் பேசினர். அவனோடு பேசியவர் இல்லை. ஊர்ப்பேச்சின் இலக்கணம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது. தனி ஒருவனுக்குரிய சான்றின் இடத்தில் ஓர் இனத்தாரைப் பற்றிய பொதுக்கதை. ஐயத்தின் இடத்தில் அனுபவக் கதை. விசாரணையின் இடத்தில் வாள். கண்ணகி செய்ததோ இதற்கு நேர்மாறு. அவள் அழுதாள், சினந்தாள். ஆயினும் மன்றத்தில் அவள் வைத்தது கண்ணீரை அன்று, காற்சிலம்பை. அரசியின் பரல் முத்து, தன் பரல் மாணிக்கம் என்னும் சோதித்தறியத்தக்க பொருட்சான்றினாலேயே வென்றாள். அவள் கற்பைப் பாடிய அளவுக்கு அவள் வழக்காடிய திறத்தை நம் புலவர் பாடவில்லை என்பது எமக்கு நெடுநாள் மனக்குறை.

இடைக்காலத்தே கொலைச்சிந்து என்றொரு மலிவுப் பதிப்பு நம்மிடை வழங்கியது. சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்றார்கள். கொலை நடந்த சூடு ஆறுமுன் பாட்டு வந்துவிடும். அதில் கொன்றவன் யாரென்ற ஐயமே இராது. ஏனெனில் ஐயத்தைப் பாட்டில் விற்க இயலாது. லட்சுமிகாந்தனின் ஏடுகளும் ஒருவகையில் அம்மரபின் வாரிசுகளே: விசாரணையில்லாத தீர்ப்பைக் காசுக்கு விற்றவை. அவர் எந்த வாளை வீசிப் பிழைத்தாரோ, அவர் இறந்தபின் அதே வாளைப் பொதுமக்கள் எடுத்துப் பாகவதர்மீதும் கிருஷ்ணன்மீதும் வீசினர். பத்திரிகைக்காரரைப் பழித்துக்கொண்டே அவர் தொழிலை ஊரார் மேற்கொண்டனர்!

ஈண்டு மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். "அவதூறு எழுதியவன்தானே, அவனுக்கு வேண்டியதுதான்" என்னும் சொல் இன்றும் நம் செவியில் விழுகிறது. சீர்திருத்தம் பேசும் நாம் இதை ஏற்கலாகாது. அவதூறுக்கு மருந்து அவதூறு வழக்கு, கத்தி அன்று. இறந்தவரின் ஒழுக்கத்தைக் கொண்டு கொலையின் எடையைக் குறைப்பதும், எதிரியின் குரலினிமையைக் கொண்டு ஐயத்தின் எடையைக் கூட்டுவதும் ஒரே தராசின் கள்ளப் படிக்கற்கள்.

மக்களின் ஆரவாரம் ஜூரியையும் அசைக்கும் என்பதற்குப் பம்பாயில் 1959 இல் நடந்த நானாவதி வழக்கு எதிர்ப்பக்கச் சான்று. அங்கு கடற்படை அதிகாரிக்கு ஆதரவாகப் பத்திரிகையும் பொதுமக்களும் பேசினர்; ஜூரி எட்டுக்கு ஒன்றாகக் குற்றமற்றவர் என்றது. அதனை ஏற்காத நீதிபதி வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1961 இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்று இந்தியக் குற்றவழக்குகளில் ஜூரி இல்லை. மலேசியாவிலும் 1995 ஜனவரி முதல் நாளோடு அம்முறை ஒழிந்தது. ஆனால் சட்டத்திலிருந்து நீங்கிய ஜூரி ஒவ்வொரு கைப்பேசியிலும் குடியேறியிருக்கிறது. அதற்கு நீதிபதியின் அறிவுரை கிடையாது, பிரமாணமும் கிடையாது.

இவ்வளவும் பிறரைக் குறைகூறவே எழுதினோம் என்று எண்ணற்க. எம் இளமையில் நாம் வாழ்ந்த தோட்டம் ஒன்றில் கட்டிப்பால் மூட்டை ஒன்று குறைகிறது என்று பேச்செழுந்தது. ஸ்டோரில் வேலை செய்த இளைஞன் ஒருவன்மேல் பழி விழுந்தது. காலைப் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் கங்காணி கேட்டபோது அவன் தலைகுனிந்து நின்றான், வாய் திறக்கவில்லை. "பேசவில்லை, பார்த்தாயா? அவன்தான்" என்று லயம் முழுவதும் சொல்லிற்று. நாமும் சொன்னோம். அன்று மாலை நண்பர்களிடம் அவன் எப்படி எடுத்திருப்பான், எவ்வழியே கொண்டுபோயிருப்பான் என்று நேரில் கண்டது போல விரித்துரைத்ததும் நாமே. அவன் தாயார் எம்மை "அண்ணன் மகனே" என்றழைப்பவர். மறுவாரம் அக்குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து எடைக்கணக்கில் பிழை இருந்தது தெரிந்தது. மூட்டை எதுவும் குறையவே இல்லை. திருடனைப் பற்றி அத்தனை பேசினோமே, திருட்டு நடந்ததா என்று எவரும் கேட்கவில்லை! அவ்வம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பும் எமக்குப் பின்னர் கிட்டவில்லை.

தோட்டத்து மக்களுக்கு ஒருவன் சொல்லால் தண்டிக்கப்படுவது என்னவென்று தெரியும். கங்காணி சொன்னால் பெயர் வெட்டப்பட்ட காலம் உண்டு. விளக்கம் கேட்டவன் கலகக்காரன் எனப்பட்ட காலமும் உண்டு. தம்மைப் பற்றிப் பிறர் சொன்ன ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், பிறரைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன் அஞ்ச வேண்டாவா?

பேசவே கூடாது என்பது எம் கருத்தன்று. நீதிமன்றம் திறந்திருப்பதே மக்கள் பார்க்கவும் ஆராயவும்தான். சென்னைத் தீர்ப்பைத் தீர்ப்பாயிற்றே என்று எல்லோரும் வாய்மூடி இருந்திருந்தால் 1947 இன் விடுதலை ஏது? ஆகவே பேசுக, ஆனால் கேட்டுவிட்டுப் பேசுக. சொல்லும் சாட்சி தானே கண்டதைச் சொல்கிறானா, கேட்டதைச் சொல்கிறானா? அவன் சொல்லால் அவனுக்கு ஆகும் நன்மை என்ன? அவன் சொல்லுக்கு வெளியே, சிலம்பின் பரல் போல, சோதித்தறியத்தக்க ஒன்று உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காதவிடத்து "தெரியாது" என்று சொல்வதற்கு நம் நா பழக வேண்டும்.

பாகவதர் விடுதலைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பழைய புகழ் திரும்பவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் மறைந்தார். கிருஷ்ணன் மீண்டும் நடித்துப் புகழோடிருந்து 1957 இல் மறைந்தார். உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்து எண்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. தேநீர்க் கடை மன்றமோ இன்னும் அவர்களைக் கூண்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அக்கூண்டின் சாவி நம் கையில் உள்ளது. இனியேனும் திறந்து விடுவோமாக.